இருபத்தொரு வளையல்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்துக் கர்க்கடக மழை விடாமல் கொட்டிய நாட்களில், திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. எதைப் பார்த்தாலும் எனக்கு அலுப்பாக இருந்த காலம். ஆபீஸ், பஸ், பக்கவாதத்தில் படுத்திருந்த மாமனார், மறுபடியும் ஆபீஸ். கணவருக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போவார்.

இதற்கு நடுவில் எனக்கென்று ஒரு கிறுக்கு இருந்தது. கண்ணாடியைச் சூளையில் உருக்கி, அலங்காரத் தட்டு, சுவரில் மாட்டும் பலகை என்று ஏதாவது செய்து பார்ப்பேன். சுடுமண் நகை செய்து பார்த்துக் கைவிட்ட ஒருவரிடம் வாங்கிய சின்ன மின்சூளை பின்கட்டில் இருந்தது. சாலைக் கடைத்தெருவில் ஜன்னல் கண்ணாடி வெட்டும் கடையிலிருந்து மிச்சத் துண்டுகளை அள்ளி வருவேன். பத்து தடவை வைத்தால் நாலு தடவை உருப்படியாக வரும். கெட்டுப்போனால் ஏன் என்று கேட்க ஆளில்லை, அதுவே பெரிய நிம்மதி.

எங்கள் மாடியில் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளம் தம்பதி குடியிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தபோது நானும் போய் ஒரு கண்ணாடி வளையல் போட்டேன். எட்டாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. பிள்ளை பிறந்ததும் அந்த வளையல்களைப் பிரசவம் பார்த்தவருக்குக் கொடுத்துவிடுவது அவர்கள் வீட்டு வழக்கம். இப்போது அவளிடமிருந்து அவற்றை வாங்கிக்கொள்ள யாருக்கு மனசு வரும்?

ஒரு சனிக்கிழமை துணிப்பையோடு இறங்கி வந்தாள்.

"அக்கா, எண்ணி இருபத்தொண்ணு இருக்கு. தூரப் போடவும் மனசில்ல, கண்ணால பாக்கவும் முடியல. உருக்கி ஏதாவது செஞ்சு தருவீங்களா?"

"நான் பாத்துக்கறேன், கேட்டியா" என்று வாங்கி வைத்தேன்.

கண்ணாடியில் ஒரு சங்கடம் உண்டு. வேறு வேறு வகைக் கண்ணாடிகள் சூட்டில் நன்றாக ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது ஒரே அளவாகச் சுருங்காமல் ஒன்றை ஒன்று இழுத்துப் பிளக்கும். அதனால் புதுக் கண்ணாடி எதுவானாலும் முதலில் ஒரு துண்டை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

சோதிக்க ஒரு வளையலைக் கையில் எடுத்தேன். அதை எடுத்தால் மிச்சம் இருபது. வளைகாப்பு வளையல் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும், அதைக் குலைக்க நான் யார் என்று தோன்றியது. கேட்பதற்கு ரொம்ப மரியாதையான எண்ணம்தான். உண்மை என்னவென்றால், சோதனைக்குத் தனியாகச் சூளை வைத்தால் இன்னும் இரண்டு நாள் இழுக்கும், எனக்கு உடம்பில் தெம்பில்லை. ஒரே தட்டாக ஒட்டி வரட்டும் என்று இருபத்தொன்றையும் ஒரு ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் அடுக்கி, சூளையை மூடிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் நன்றாக ஆறிய பிறகு திறந்தேன். சிவப்பு வளையல்கள் ஈரல் நிறத்துக்கு மாறியிருந்தன, பச்சை மட்டும் அப்படியே இருந்தது. ஆனாலும் முழுசாக வந்துவிட்டது! சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, மாமனாருக்குக் கஞ்சி எடுக்கப் போனேன். டிக்கென்று ஒரு சத்தம். பின்னாலேயே இன்னொன்று. ஓடி வந்து பார்த்தால் குறுக்கே விரிசல் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்துவிட்டால் நிறுத்த வழியில்லை. பத்து நிமிஷத்தில் தட்டு சுக்கலாகிவிட்டது. கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்தபடி நின்று அழுதேன்.

அடுத்து நான் செய்ததைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. மறுநாள் ஆபீஸ் விட்டதும் கிழக்கேகோட்டையில் இறங்கி, சாலைக் கடைத்தெருவுக்குள் நடந்து, அதே சிவப்பும் பச்சையுமாக இருபத்தொரு வளையல் வாங்கினேன். உருகிய பிறகு எது யாருடையது என்று யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

வீட்டு வாசலில் அவள் நின்றிருந்தாள். "ஆயிட்டாக்கா?" என்று மட்டும்தான் கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்குப் பொய் வரவில்லை. சோதிக்காமல் வைத்தது, ஒற்றைப்படைக் கணக்கு, பையிலிருந்த புது வளையல் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எல்லாம் உடைஞ்சு போச்சும்மா" என்று முடித்தேன்.

அவள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா அக்கா. பிள்ளையே போயிட்டு. எண்ணிக்கையில ஒண்ணு கொறஞ்சா எனக்கு என்ன?"

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. உள்ளே வந்து, சுக்கலை ஒவ்வொன்றாகப் பழைய பேப்பரில் எடுத்து வைத்தாள். பச்சை வளையல் இரண்டு ஒட்டியிருந்த ஒரு துண்டை மட்டும் முந்தானையில் துடைத்துத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். புது வளையல்களைத் தொடவில்லை. அப்போது மாமனார் அறையிலிருந்து குரல் கொடுத்தார். நான் எழுந்திருப்பதற்குள், "நீங்க இருங்கக்கா, மொகமே வாடிப் போயிருக்கு. தாத்தாவுக்கு நான் தண்ணி குடுக்கேன்" என்று போனாள். வெட்கமில்லாமல் உட்கார்ந்தே இருந்தேன்.

அடுத்த வருடம் அவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். அலுப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை, அதற்கு மரியாதை என்றும் சம்பிரதாயம் என்றும் நல்ல பெயர் வைக்கும் சாமர்த்தியமும் போகவில்லை. ஆனால் அடுத்தவர் பொருளில், அடுத்தவர் துக்கத்தில் கை வைக்கும் முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிட, எவ்வளவு அசதியிலும் இப்போது என்னால் முடிகிறது.