குளிர்காலச் சாய்வு

அக்டோபர் முடிவதற்குள் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் எல்லாரும் சோலார் பலகைகளை நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். வெர்லா வீட்டுப் பலகைகள் மட்டும் இன்னும் ஜூலை மாதத்திலேயே மல்லாந்து கிடந்தன. காரணம் ஒரு நட்டு. அந்த நட்டுக்குக் காரணம் டுவைட்.

டுவைட் அவளுடைய முன்னாள் புருஷன். ஜூன் மாதம், அலமோசா டவுனில் கரண்ட் கம்பி வைத்த வீட்டில் இருக்கும் லோரெட்டாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டான். போகும்போது சும்மா போனானா? லாரியின் ஜன்னலை இறக்கி, "தனியா ஒரு குளிர்காலம் ஓட்டிடுவியா நீ? நவம்பரைத் தாண்ட மாட்ட, பாரு" என்று சொல்லிவிட்டுப் போனான். அதையே பியூப்லோவில் இருக்கிற அவள் தங்கை கொஞ்சம் அன்பாகச் சொன்னாள். ஒரு அறையை ஒழித்து, மெத்தை விரிப்புகூட மாற்றி வைத்திருக்கிறாளாம். வெர்லாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தக் குளிர்காலத்தை இந்த வீட்டில் கழித்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

ஆனால் முடிவு கட்டினால் போதுமா? அந்தப் பக்கம் மின்கம்பி என்ற ஒன்று வந்ததே கிடையாது. விளக்கு, கிணற்று மோட்டார், எல்லாம் வாசலில் ஒற்றை இரும்புத் தூணில் நிற்கிற அந்தப் பலகைகளை நம்பித்தான். குளிர்காலச் சூரியன் தெற்கே தாழ்ந்து, ஒப்புக்கு வந்துவிட்டுப் போகும். அதற்கு நேராகப் பலகைகளை நிமிர்த்தாவிட்டால் பேட்டரி நிறையாது. பனி கொட்டினால் படுத்த பலகையின் மேல் மெத்தை போட்ட மாதிரி தங்கிவிடும். மோட்டார் நிற்கும், குழாய் உறையும், வெர்லா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பியூப்லோவுக்குப் பஸ் ஏற வேண்டியதுதான்.

நிமிர்த்துவது பெரிய வேலையே இல்லை. சட்டத்தின் பின்னால் வரிசையாகத் துளை போட்ட ஒரு இரும்புக் கை இருக்கிறது. போல்ட்டைக் கழற்றி, சட்டத்தைத் தூக்கி, வேறு துளையில் மாட்டினால் முடிந்தது. இந்த வசந்தத்தில், கோடைக்காகப் பலகைகளைச் சாய்த்தபோது, டுவைட்டுக்கு அழகுணர்ச்சி பொங்கிவிட்டது. துருப்பிடித்த பழைய போல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டுப் பளபளவென்று ஒரு எவர்சில்வர் போல்ட்டு வாங்கி வந்தான். சட்டம் விழாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற வெர்லா, "கொஞ்சம் கிரீஸ் தடவேன்" என்றாள்.

"எவர்சில்வருக்கு யாராவது கிரீஸ் தடவுவாங்களா? நீ போய் உருளைக்கிழங்க உரி" என்றவன், ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று இறுக்கினான்.

வெர்லா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிறவள். அவள் முன்னால் எந்தப் பிள்ளையும் தட்டில் கேரட்டை மிச்சம் வைத்ததில்லை, தலைமையாசிரியரும் வைத்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் செப்டம்பரிலிருந்து ஞாயிறுதோறும் அந்த நட்டுக்கு எண்ணெய் ஊற்றினாள், சுத்தியால் தட்டினாள், வெந்நீர் ஊற்றினாள், கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தாள். நட்டு அசையவில்லை. கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, ராத்திரி பனி கொட்டும் என்று ரேடியோ சொன்னது.

பக்கத்து நிலத்து எலோய் தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிற வழியில் வேலியருகே நின்றார். இவள் ஸ்பானர்க் குழாயில் தொங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்து தானும் தொங்கினார். பிறகு குனிந்து நட்டை உற்றுப் பார்த்தார்.

"ஏம்மா, இது துரு இல்ல. எவர்சில்வரும் எவர்சில்வரும் கிரீஸ் இல்லாம உரசினா கவ்விக்கும். உள்ள ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சு. இனிமே அறுக்கத்தான் வேணும்."

"அப்ப வாரா வாரம் எண்ணெய் ஊத்தினேனே?"

"நட்டுக்கு நல்ல குளியல்."

"சிரிக்காதீங்க எலோய். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு உங்க மாட்டையே கடிச்சிருவேன்."

"அதுங்க என்ன பண்ணுச்சு பாவம்? டுவைட்கிட்ட இரும்பறுக்கிற கிரைண்டர் இருக்கே, கேட்டா என்ன?"

"அவன் பேர எடுக்காதீங்க."

எலோய் தன் ரம்பத்தைக் கொடுத்துவிட்டு, பனிக்கு முன்னால் மாடுகளைக் கொட்டகையில் சேர்க்க வேண்டும் என்று போய்விட்டார். வெர்லா அறுத்தாள். பாதி அறுப்பதற்குள் பிளேடுகள் எல்லாம் மொட்டையாகிவிட்டன. தோள்பட்டை விட்டுப் போயிற்று. மேற்கே மலை மேகத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் போனை எடுத்தாள்.

"கிரைண்டர் வேணும். ஆள் வேணாம்" என்றாள்.

ஆளும் வந்தான். வந்து இறங்கியதும், "தள்ளு தள்ளு. முதல்ல ஸ்பானர்ல பாப்போம். பொம்பளைங்க பிடிக்கிற பிடி வேற" என்றான்.

"பிடி, பிடி. பாக்கறேன்."

முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்கத் தொங்கினான். நட்டு அவனையும் மதிக்கவில்லை. "என்ன பண்ணித் தொலைச்ச இத?" என்று அவள்மேல் பாய்ந்தான். அப்புறம் கிரைண்டரை வீட்டு வயரில் சொருகி அழுத்தினான். அரைகுறையாய்க் கிடந்த பேட்டரி அதைத் தாங்குமா? இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அடங்கியது. வீட்டில் பிரிட்ஜ் உட்பட எல்லாம் நின்றது.

"லாரியில புது பிளேடு இருக்கும், எடுத்துட்டு வா" என்றான் டுவைட், அவள் கண்ணைப் பார்க்காமல்.

லாரிக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். சீட்டில் துணிமணி அடைத்த பை, பனி பூட்ஸ், தலையணை, அவன் காப்பிக் குவளை. லோரெட்டா கழற்றிவிட்டுவிட்டாள். உதவிக்கு ஓடி வந்த அவசரம் அப்போதுதான் புரிந்தது. சந்தோஷப்பட வேண்டியவள்தான். பாழாய்ப்போன மனசு பரிதாபப்பட்டது. அப்படிப் பரிதாபப்பட்டதற்காகத் தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

மிச்சத்தை அவளேதான் அறுத்தாள். டுவைட்டின் தோள் நாலு இழுப்பிலேயே மக்கர் பண்ணியது. போல்ட்டு இரண்டாகி விழுந்ததும், அவள் கயிற்றை இழுக்க, அவன் கீழிருந்து சட்டத்தைத் தோளால் முட்டுக்கொடுக்க, பலகைகள் மெல்ல எழுந்து நிமிர்ந்தன. வருஷா வருஷம் செய்த வேலை. யார் எப்போது மூச்சுப் பிடிக்க வேண்டும், யார் எப்போது விட வேண்டும் என்று ஒரு பேச்சும் தேவைப்படவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் ஜூன் மாதம் என்று ஒன்று நடக்காதது போலவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

டப்பாவிலிருந்து ஒரு சாதா போல்ட்டை எடுத்து, கிரீஸை ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவதுபோல் அப்பி மாட்டினாள். அவன் வேறு பக்கம் திரும்பிக் கயிற்றைச் சுருட்டினான். முதல் பனித்துகள்கள் இறங்க ஆரம்பித்தன.

"லோரெட்டா வீட்டுல சரிப்பட்டு வரல" என்றான்.

"பையைப் பாத்தேன்."

"சோபா போதும் எனக்கு. பனி விடற வரைக்கும்."

உள்ளே அடுப்பில் பச்சை மிளகாயும் பன்றிக்கறியும் கொதித்து வாசல் வரை மணத்தது. உண்மையைச் சொன்னால், வெர்லா மனசுக்குள் சோபாவில் கிடந்த துணிகளை ஏற்கெனவே மடித்து எடுத்து வைத்துவிட்டாள். அவளுக்கு லோரெட்டாவைப் பற்றி எந்த விளக்கமும் வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். ஒரே ஒரு விஷயத்தை அவன் வாயால் கேட்டால் போதும். துண்டுபட்ட போல்ட்டை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இது ஏன் இப்படி ஆச்சு? நீயே சொல்லு."

டுவைட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால் திருகு மரையைச் சுரண்டினான்.

"மட்டமான சரக்கு" என்றான். "அதோட நீ கண்ட எண்ணெயையும் ஊத்தி ஊத்திக் கெடுத்து வச்சிருக்க."

"கிளம்பு, டுவைட்."

"என்னடி இது, நான் என்ன சொல்லிட்டேன் இப்ப?"

"ரோடு மூடறதுக்குள்ள கிளம்பு."

"எங்க போகச் சொல்ற?"

"அலமோசால லாட்ஜ் இருக்கு. கரண்டும் இருக்கு."

லாரி வெகுநேரம் உறுமிக்கொண்டே நின்றது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சட்டியிலிருந்து கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டாள். ருசியே தெரியவில்லை. பிறகு லாரிச் சத்தம் தூரத்தில் போய் மறைந்தது.

விடிந்தபோது வேலிக்கால் மூழ்கும் அளவுக்குப் பனி. பலகைகளில் மட்டும் ஒரு பொட்டு இல்லை; அத்தனையும் சரிந்து கீழே குவிந்து கிடந்தது. வெயில் ஏற ஏற பேட்டரி மீட்டரின் முள்ளும் ஏறியது. மோட்டார் ஓடியது, குழாயில் தண்ணீர் கொட்டியது. வெர்லா பட்டப்பகலில் வீட்டில் இருந்த எல்லா விளக்கையும் போட்டாள், ரேடியோவையும் போட்டாள். அப்புறம் சோபாவில் துணிக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆத்திரம் தீருமட்டும் வாய்விட்டு அழுதாள்.