வெள்ளவாய்க்காலில் போட்ட கதிரை

1984 கார்த்திகை மழையில் எங்கள் ஊர்க் கரையோரக் குடியிருப்புக்குள் புகுந்த வெள்ளம் பதினொரு நாள் வடியாமல் நின்றது. ஊர்காவற்றுறைத் தீவின் தெற்குக் கரையில் இருந்த அந்தக் குடியிருப்பில் முப்பத்தெட்டு வீடுகள். எல்லாம் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பங்கள். கிணறுகளும் மலகூடக் குழிகளும் ஒரே தண்ணீருக்குள் கிடந்தன. பன்னிரண்டாம் நாள் ஞானசவுந்தரியின் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை வயிற்றோட்டத்தில் செத்துப்போனது.

ஞானசவுந்தரியின் அக்காதான் றோஸ். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. புருசன் யாக்கோப்பு பிடித்துவரும் மீனைப் பனையோலைக் கடகத்தில் சுமந்துகொண்டு, தோட்டக் காணிக்காரர் இருக்கும் மேட்டுப்பக்கத்து வீடுகளில் விற்பாள். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீடும் மேட்டுப்பக்கம்தான். மற்ற வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் அவள் முன்படலையால் வருவதில்லை. பின்வேலியைச் சுற்றி வந்து குசினிக் கோடியில் கடகத்தை இறக்குவாள். ஏன் அப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

மேட்டுக் காணிகளின் மழைத்தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோக ஒரு வாய்க்கால் இருந்தது. அரை மைல் நீளம். அதன் கடற்பக்கம் குப்பையால் தூர்ந்துபோயிருந்தது. மேற்பக்கத்தில் சரவணமுத்து தன் புகையிலைத் தோட்டக் கிணற்றுக்கு நீர் ஊறட்டும் என்று குறுக்கே ஒரு மண் அணை கட்டியிருந்தார். மழை சிறிதென்றால் தண்ணீர் அவருடைய காணியில் தங்கும். பெருமழைக்கு அணையைச் சுற்றிப் பாய்ந்து குடியிருப்புக்குள் இறங்கும். அங்கிருந்து கடலுக்குப் போக வழியில்லை.

குழந்தையை அடக்கம் செய்த மறுகிழமை றோஸ் அரசாங்கக் கந்தோருக்குப் போய் முறையிட்டாள். அங்கிருந்தவர் எழுதித்தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். தை போனது, மாசி போனது. பங்குனியில் திரும்பப் போனபோது, நாடு இருக்கிற நிலையில் வாய்க்காலைப் பற்றி யார் யோசிக்கிறது என்று கேட்டார்களாம். சரவணமுத்துவின் வீட்டுக்கும் போனாள். அப்படியொரு வாய்க்கால் கிடையாது, அது பத்திரத்தில் தன் பேரிலுள்ள உறுதிக்காணி என்று அவர் வாசலில் நின்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை காலை றோஸ் மண்வெட்டியும் கடகமுமாக வாய்க்காலின் கடல்வாயில் இறங்கினாள். கூட வந்தவள் ஞானசவுந்தரி மட்டும். ஆழக்கடலுக்குப் போகக் கடற்படை தடை போட்டு, கரையோரத்தில் மட்டும் வலை வீச விட்டிருந்த காலம் அது. ஆம்பிளைகள் வள்ளங்களைக் கரையில் ஏற்றிவிட்டு, பூவரச மர நிழலில் கடதாசிச் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் தங்கச்சியும் தனிய மாரி வருமுன் முடித்துவிடுவார்களோ என்று ஒருவர் பகிடி விட்டார். றோஸ் வாய்க்காலுக்குள்ளிருந்து கிழிந்த நைலோன் வலைத்துண்டுகளை இழுத்து, ஒரு கடகம் நிரப்பிக் கொண்டுபோய் அவர்களுக்கு நடுவில் கொட்டினாள்.

"இது மேட்டுப்பக்கத்து ஆக்கள் போட்ட குப்பை இல்லை. உங்கட வலை. அந்தப் பிள்ளையைக் கொன்றதிலை எங்களுக்கும் பங்கிருக்கு. எழும்பி வாருங்கோ, இல்லாட்டி இதுக்கு மேலை இருந்து விளையாடுங்கோ."

முதலில் எழும்பியது யாக்கோப்பு. அடுத்த சனிக்கிழமை பதினாறு பேர். அதற்கடுத்த சனிக்கிழமை வீட்டுக்கு ஒருவராவது வந்தார்கள். போத்தல் ஓடுகள், ரயர், சிரட்டை, தகரம், இத்துப்போன ஒரு சைக்கிள், முழங்கால் ஆழத்துக்கு நாறிய சேறு. எல்லாவற்றையும் கடகம் கடகமாகக் கைமாற்றிக் கரையேற்றினார்கள். நாலாம் சனிக்கிழமை நானும் போனேன். வீட்டில் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. றோஸ் என்னைக் கண்டதும் வரவேற்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை. "ரீச்சர், செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்குங்கோ, சேறு இழுக்கும்" என்றாள்.

ஏழாம் சனிக்கிழமை சேற்றுக்கு அடியில், கடலிலிருந்து எடுக்கும் முருகைக்கல் தட்டுப்பட்டது. தோண்டத் தோண்ட வாய்க்காலின் இரு பக்கமும் சுண்ணாம்பு வைத்துக் கட்டிய கல்வரிசை வெளிப்பட்டது. அது வளையாமல் நெளியாமல் நேரே சரவணமுத்துவின் அணைக்கு அடியில் போய் நுழைந்தது. அப்படியொரு வாய்க்கால் இல்லை என்று இனி ஒருவரும் சொல்ல ஏலாது.

செய்தி அவருக்கும் போயிருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நாங்கள் வந்தபோது அணையின் மேல் ஒரு சாய்மனைக் கதிரை போட்டிருந்தது. அதில் வெள்ளை வேட்டியோடு சரவணமுத்து இருந்தார். அவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். நல்ல திடகாத்திரம். வெட்டுகிறதென்றால் தன்னையும் சேர்த்து வெட்டச் சொன்னார். அன்றைக்கு நாங்கள் அணையின் அடிவரை துப்புரவாக்கிவிட்டு நிறுத்தினோம்.

பத்து மணிபோல அவருடைய மனைவி சறோஜினிதேவி ஒரு வாளியில் தேத்தண்ணி கொடுத்தனுப்பினா. கூடவே துருப்பிடித்த தகரப்பேணிகள் பத்துப் பன்னிரண்டு வந்தன. எனக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடிக் கிளாஸ். றோஸ் பேணிகளைப் பார்த்தாள். பிறகு கொண்டுவந்த வேலைக்காரியிடம், அம்மாவுக்கு நன்றி சொல்லச் சொல்லிவிட்டு, வீட்டார் குடிக்கிற கோப்பையில் தந்தால் குடிப்போம் என்றும் சொல்லச் சொன்னாள். வாளி தளும்பாமல் அப்படியே திரும்பிப் போனது. என் கையில் கிளாஸ் இருந்தது. வேலைக்காரி புறப்படுமுன் கிளாஸில் இருந்ததை நான் வாளிக்குள் ஊற்றிவிட்டேன். அதற்குள் ஒரு வாய் குடித்திருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அந்தக் கிழமையே மேட்டுப்பக்கத்தில் றோஸிடம் மீன் வாங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் கடகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்காவற்றுறைச் சந்தைவரை நடந்தாள். போக வர எட்டு மைல். யாக்கோப்பு பயந்துவிட்டான். அணை தவிர மற்றதெல்லாம் துப்புரவாகிவிட்டதே, இதோடு விடுவோம் என்றான். அணையை விட்டால் வெட்டினதெல்லாம் வெறும் குழிதான் என்று அவள் சொன்னாளாம்.

அடுத்த சனிக்கிழமையும் கதிரை இருந்தது, அவரும் இருந்தார். றோஸ் அணைக்கு முன்னால் போய் நின்றாள். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தாள். அவருடைய முகத்தை நேரே பார்த்தாள். குரல் உயரவில்லை.

"ஐயா, கல்லு உங்கட கதிரைக்குக் கீழாலை போகுது. நீங்களும் பாத்தனீங்கள். எழும்புங்கோ."

"நான் எழும்பமாட்டன். என்ன செய்வாய்?"

அவள் திரும்பிப் பெண்களைப் பார்த்துத் தலையசைத்தாள். அவளோடு சேர்த்து ஆறு பேர் மேலே ஏறினார்கள். ஞானசவுந்தரி கதிரையின் ஒரு காலைப் பிடித்தாள், றோஸ் எதிர்க்காலைப் பிடித்தாள். நடக்கப்போவது விளங்கியதும் சரவணமுத்துவின் முகம் கறுத்தது.

"என்னைத் தொடாதை" என்றார்.

"உங்களைத் தொடேல்லை ஐயா. கதிரையைத்தான் தொடுறம்."

ஆறு பெண்களும் கதிரையோடு அவரைத் தூக்கினார்கள். சாய்க்கவில்லை, குலுக்கவில்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளி, ஒரு வேப்பமரத்து நிழலில் மெதுவாக இறக்கிவைத்தார்கள். அவர் கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாது என்று றோஸ் முதலே சொல்லிவைத்திருந்தாள். பிறகு எல்லாருமாக அணையில் ஏறினோம். மத்தியானத்துக்குள் அது கரைந்து போனது. அவர் எப்போது எழும்பிப் போனார் என்று நான் பார்க்கவில்லை. நாங்கள் நிமிர்ந்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

வழக்குப் போடப்போவதாகப் பேச்சு வந்தது. போடவில்லை. அந்தக் கல்வரிசையைப் பார்க்க அயல் ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து போய்விட்டார்கள்.

கார்த்திகையில் மழை போன வருசத்தைப் போலவே அடித்தது. மூன்றாம் நாள் காலை நான் குடை பிடித்துக்கொண்டு குடியிருப்புக்குப் போனேன். வாய்க்காலில் செந்தண்ணீர் இரைந்து கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வீடுகளுக்கு இடையிலான ஒழுங்கையில் கணுக்காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. ஞானசவுந்தரி கரையில் நனைந்தபடி நின்றாள். சந்தோசமா என்று நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். போன வருசம் இப்படி ஓடியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாள். றோஸ் வந்து அவளைக் கையில் பிடித்து வீட்டுக்குக் கூட்டிப்போனாள்.

தை பிறந்ததும் மேட்டுப்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாக றோஸைத் திரும்பக் கூப்பிட்டன. அவள் வந்தாள், ஆனால் கோடிப்பக்கம் போகவில்லை. முன்படலையில் கடகத்தை இறக்கிவைத்து, "மீன்" என்று கூப்பிடுவாள். விரும்பினவர்கள் வந்து வாங்கினார்கள். எங்கள் அம்மா நாலு மாதம் மீன் இல்லாமல் சமைத்துப் பார்த்துவிட்டு, பிறகு படலைக்குப் போனா.

1986 புரட்டாதியில் வாய்க்காலைத் திரும்பத் துப்புரவாக்க நாள் குறித்தார்கள். அன்று காலை சரவணமுத்துவின் தோட்டத்தில் கூலிக்கு நிற்கும் இரண்டு பேர் மண்வெட்டியோடு வந்து, வீட்டுக்காரர் அனுப்பினதாகச் சொன்னார்கள். றோஸ் அவர்களை இறங்க விடவில்லை. கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பினால் அது சிரமதானம் இல்லை, வீட்டிலிருந்து ஒருவர் வரவேணும் என்று திருப்பி அனுப்பினாள். அவளுக்குப் பைத்தியம் என்று யாக்கோப்பு என் காதில் சொன்னான். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மணித்தியாலம் கழித்து சறோஜினிதேவி தனியே நடந்து வந்தா. கையில் ஒரு கடகம். காலில் செருப்பில்லை. வாய்க்கால் கரையில் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி கொஞ்சநேரம் நின்றா. றோஸ் கீழேயிருந்து கையை நீட்டினாள். அந்த அம்மா அதைப் பிடித்துக்கொண்டு இறங்கினா.