நின்ற பிறகு வரும் இழுப்பு

சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் கரும்புச் சாறு மட்டும் குடிக்காமல் திரும்பிவிடுகிறேன். பிழியும் சக்கரத்தில் மணி கட்டியிருக்கிறார்கள். அது ஜல் ஜல் என்றதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. கடைக்காரர் என்னைக் கஞ்சன் என்று நினைக்கிறார், நினைத்துவிட்டுப் போகட்டும்.

மகாராஜா காலத்தில், சமஸ்தானத்தின் சொந்தத் தபாலான அஞ்சலில் நான் ஓட்டக்காரன். தோளில் தபால் பை, கையில் மணி கட்டிய கோல். சத்தம் கேட்டால் மாட்டுவண்டிகூட ஒதுங்கி வழிவிடும். கரமனைப் பாலத்திலிருந்து அடுத்த அஞ்சலாபீஸ் வரை என் பங்கு. ஓடும்போது எனக்கு ஒன்றும் செய்யாது. பையைக் கொடுத்துவிட்டு நின்றால்தான் வரும் வினை. நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல் இழுக்கும்.

அந்த ஆபீஸ் மாஸ்டர் அக்ரகாரத்து மனிதர். பெற்ற தாயையும் சந்தேகப்படுகிறவர்.

"ஓடறச்சே வராத இழுப்பு நின்னப்புறம் எங்கேருந்துடா வரும்? வழியில எங்கயோ ஒறங்கிட்டுக் கடைசி வளவு திரும்பறச்சே மாத்திரம் ஓடி வரே, இல்லையோ?" என்பார்.

கள்ளு குடித்தேனா என்று பார்க்க ஊதச் சொல்வார். ஊத மூச்சிருந்தால் நான் ஏன் தூணைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன்?

நானும் லேசுப்பட்டவன் இல்லை. என்னை விரட்டிவிட்டுத் தன் ஆள் யாரையோ வைக்கப் பார்க்கிறார் என்றே நம்பினேன். எங்கள் வீட்டில் உலை கொதித்ததே என் ஓட்டத்தில்தான்.

ஒரு நாள் அந்தி மயங்கும் நேரம், பின்னால் ஒரு சைக்கிள். நான் திரும்பினால் மரத்தடியில் ஒதுங்கும், ஓடினால் தொடரும். பையைப் பறிக்க வந்த திருடன் என்று முடிவு கட்டித் தலைதெறிக்க ஓடினேன். ஆபீஸ் வாசலில் பையைப் போட்டுவிட்டு நானும் விழுந்தேன். சைக்கிளிலிருந்து இறங்கியவர் மாஸ்டர்.

அன்று தம் கையாலேயே சுக்கு வெந்நீர் கொடுத்தார்.

"நீ எங்கயும் நிக்கலை. நான் கண்டேன்" என்றார்.

அப்போது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமல்ல. அவர் அத்தோடு விட்டாரா?

"அப்போ இது தீனம்தான், நெஞ்சு வியாதி. தீனக்காரன் கையில பையைக் குடுக்கப்படாது, கேட்டியா."

கோலை வாங்கிச் சுவரில் சாத்தினார். கள்ளன் என்று நினைத்தவரை இருந்த வேலை, யோக்கியன் என்று தெரிந்ததும் போய்விட்டது. பாலம் வரை அழுதுகொண்டே நடந்தேன். பிறகு சாலைக் கடைத்தெருவில் ஒரு பலசரக்குக் கடையில் தராசு பிடித்துக் காலம் போனது.

போன மாதம் ஒரு சின்ன வயது டாக்டர் என் முதுகில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "நடந்து நின்ன பிறகாக்கும் இழுப்பு வருது, இல்லியா?" என்றார். நான் சொல்லவே இல்லை. இவரிடம் யார் சொன்னது என்று சந்தேகமாகப் பார்த்தேன். இந்தத் தீனத்துக்கு இப்போது பெயர் உண்டு, மருந்தும் உண்டு. மகாராஜாவின் அஞ்சல் இல்லை, ஓட்டக்காரன் இல்லை. வழியில் நான் எங்கும் நிற்கவில்லை என்று கண்ணால் கண்ட ஒரே ஆள் அந்த மாஸ்டர், அவரும் இல்லை.