ஆம்பளைக் குரல் கேட்காத பூனைக்குட்டிகள்

"ஒரு நாளாவது காபியைச் சூடா குடிக்க விடுதுங்களா?" வெர்னா ஹ்ரிட்சாக் தினமும் சொல்லும் புகார் இது. மடியில் குட்டி தூங்கினால் எழுந்திருக்க மாட்டார். காபி அடுப்படியிலேயே ஆறிப்போகும். அவரை யாரும் கட்டிப்போடவில்லை.

கனடாவின் மானிட்டோபாவில் ஒரு சின்ன ஊரின் விலங்குக் காப்பகம், தாயில்லாத பூனைக்குட்டிகளை அவரிடம்தான் விடும். வளர்த்து, நல்ல வீடு கிடைத்ததும் அனுப்ப வேண்டும். ஜில்லிட்டு வந்த குட்டிக்கு வெர்னா எடுத்தவுடன் பால் புகட்ட மாட்டார், முதலில் உடம்பில் சூடேற்றுவார். மல்லாக்கப் போட்டால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று குப்புற வைத்துத்தான் புட்டி. தூக்கினால் ஒரு கை நெஞ்சுக்கு, ஒரு கை பின்புறத்துக்கு. பிடரியைப் பிடித்துத் தூக்குபவரைக் கண்டால், "உன் காலரைப் பிடிச்சுத் தூக்கட்டுமா?" என்பார். சாய்வு நாற்காலியின் அடியில் மடங்கும் இரும்புக்குள் குட்டி புகுந்து நசுங்கிவிடும் என்று, கணவர் மெட்ரோ உயிரோடு இருக்கும்போதே அவருடைய நாற்காலியை கராஜுக்குத் தள்ளிவிட்டார். மெட்ரோ ஒரு குளிர்காலம் முழுக்கப் புலம்பினார்.

மெட்ரோ போன பிறகு வளர்த்த குட்டிகளும் கொழுகொழுவென்றுதான் புது வீடுகளுக்குப் போயின. ஆனால் இரண்டு திரும்பி வந்தன. காப்பகத்து லோர்ன் கூண்டோடு வாசலில் நின்றார்.

"என்ன குறை கண்டாங்களாம்?"

"குறையெல்லாம் இல்லைங்க. அந்த வீட்டு ஆளு தும்மினாக்கூட கட்டிலுக்கடியில ஒளியுதாம். சாப்பிடறதும் இல்லையாம்."

"அவன் எப்படித் தும்மினானோ."

"இன்னொரு வீட்லயும் இதே கதைதான். ஆம்பளைக் குரலே ஆகல. கோவிச்சுக்காதீங்க வெர்னா, இதுங்க பழகலைன்னா, அடுத்த குட்டிகளை ஆள் நடமாட்டம் இருக்கற வீட்ல விடச் சொல்லிட்டாங்க காப்பகத்துல."

கூண்டைத் திறந்ததும் இரண்டும் அலமாரிக்குப் பின்னால் பாய்ந்தன. லோர்ன் இருமினார், உள்ளே இன்னும் ஒடுங்கின.

வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. மெட்ரோ இருந்தபோது ஒரு குட்டிகூடத் திரும்பி வந்ததில்லை. டிவியில் ஹாக்கி பார்த்து அவர் போடும் கூச்சலுக்கு நடுவில், அவர் வயிற்றின் மேலேயே குட்டிகள் தூங்கும். 'கத்தாதீங்க, பயந்துக்கும்' என்று காலமெல்லாம் அவரை அடக்கியாயிற்று. இப்போது அந்தக் கத்தலை ஒரு தடவை கேட்டால் போதும் என்றிருந்தது.

"பூட்ஸைக் கழட்ட வேண்டாம், அப்படியே உள்ள வாங்க," என்றார். மெட்ரோவைக்கூட அப்படி விட்டதில்லை.

"வந்து?"

"தரையில உட்கார்ந்து பேசுங்க. நேத்து ஹாக்கியில தோத்தானுங்களே, அவனுங்களைத் திட்டுங்க."

லோர்ன் திட்டினார். கசகசா ரொட்டி இரண்டு துண்டு உள்ளே போனதும் இன்னும் நன்றாகத் திட்டினார். வெகுநேரம் கழித்து அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு காது மட்டும் எட்டிப்பார்த்தது.

"இன்னும் கொஞ்சம் சத்தமா," என்றார் வெர்னா, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.

லோர்னால் வாரம் ஒரு தடவைதான் வர முடியும். அது போதாது. அந்தப் பக்கம் போகிறவர்கள், முக்கியமாக வீட்டில் சத்தம் போட்டுத் திட்டு வாங்கும் ஆண்கள், தானியக் கிடங்குக்குப் பின்னால் இருக்கும் வெர்னா வீட்டுப் பச்சைக் கதவைத் தட்டுங்கள். கையில் எதுவும் வேண்டாம், சாப்பாடு அங்கேயே கிடைக்கும். குட்டிகளைத் துரத்திப் பிடிக்காதீர்கள். உட்கார்ந்து பேசிக்கொண்டிருங்கள், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.