மகனுக்காக நான் நடந்த நடை

“ஒண்ணுமில்லம்மா, கேஸு” என்று மகன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். ஏழு வருடத்துக்கு முன் அவன் அப்பாவும் இதையே சொல்லிவிட்டுத்தான் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

நாங்கள் மந்தைவெளியில் இருக்கிறோம். மகன் ஆல்வினுக்கு முப்பத்தாறு வயது. தி. நகரில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே ஊழியர்களின் இதய நலனுக்கென்று ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். எல்லோருக்கும் காலடி எண்ணும் கைக்கடிகாரம். தினமும் பத்தாயிரம் அடி நடப்பவர்களின் பெயர் பச்சைப் பட்டியலில் வரும்.

அவன் நாற்காலியை விட்டு எழாதவன். நான் தினமும் கடற்கரை வரை நடக்கிறவள். ஒருநாள் கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டான். “நீ நடந்தா நான் நடந்த மாதிரிதாம்மா. ஒரே ரத்தம்தானே!” நானும் சிரித்தேன். நாலு மாதம் நடந்தேன்.

ஜூலையில் ஆபீசில் இதயப் பரிசோதனை நடந்தது. பச்சையில் இருப்பவர்களுக்கு இப்போது தேவையில்லை என்றுவிட்டார்கள். அந்த வாரம்தான் இந்த வலி. டாக்டரிடம் வரச்சொல்லிக் கெஞ்சினேன்.

“ஆபீஸே என்னை ஃபிட்டுன்னு சொல்லுது, நீ வேற!”

நடந்தது யார் என்பதையே அவன் மறந்துவிட்டான்.

இரண்டு நாள் சாப்பிடாமல் முழங்காலில் நின்றேன். பிள்ளையையும் எடுத்துக்கொள்ளாதேயும் ஆண்டவரே என்று அழுதேன். மூன்றாம் நாள் காலை உள்ளத்தில் ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப உணர்த்தப்பட்டது. போய் உண்மையைச் சொல். முதல் நாளே உணர்த்தப்பட்டதுதான். அவன் வேலை போய்விடுமோ என்று பயந்து, வேறு வழி காட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வேறு வழி காட்டப்படவில்லை.

ஆட்டோ பிடித்து ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த நர்ஸ் கலாவிடம் கடிகாரத்தைக் கழற்றி வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. “இங்க ஒருத்தர் நாய் கழுத்துல கட்டி வுட்டாரு ஆன்ட்டி. நீங்களாவது வந்து சொன்னீங்க” என்று சொல்லி அவனைக் கூப்பிட்டனுப்பினாள்.

“இன்னாம்மா இது! ஆபீசுக்கே வந்து மானத்த வாங்குற!” எல்லோர் முன்னாலும் கத்தினான். நான் தலைகுனிந்து நின்றேன்.

கலா அவனை விடாமல் படுக்கவைத்து இ.சி.ஜி. எடுத்தாள். தாளைப் பார்த்ததும் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள்.

இதயத்தின் பெரிய ரத்தக்குழாயில் அடைப்பு. அன்றே ஸ்டென்ட் வைத்தார்கள். “இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா…” என்று டாக்டர் ஆரம்பித்தார். முடிக்காதீர்கள் என்று கும்பிட்டேன்.

வேலை போகவில்லை. இப்போது பட்டியலைப் பார்க்காமல் எல்லோரையும் பரிசோதிக்கிறார்களாம். ஆல்வின் தானே நடக்கிறான். ஞாயிறு ஆராதனையில் என் பக்கத்தில் உட்காருகிறான்.

பயம் இன்னும் போகவில்லை. அவன் போனை எடுக்கத் தாமதித்தால் பதறிவிடுகிறேன். பதற்றத்தோடேயே ஜெபிக்கிறேன். நான் கேட்டது சுகம். அவர் முதலில் என்னை வாய் திறக்கச் சொன்னார். அந்த வழியாகவே சுகத்தையும் தந்தார்.

பிள்ளைகளுக்காக முழங்காலில் நிற்கிறவர்களே, அவர் சொல்வது கசந்தாலும் எழுந்து போங்கள். நான் போகாமல் தயங்கிய அந்த இரண்டு நாளும் என் பிள்ளையின் மூச்சைப் பிடித்து வைத்திருந்தவர் அவரே. அவரை நம்புங்கள்.