புகை நின்ற பிறகு வந்த மூச்சு

அரியலூர் பஸ் ஸ்டாண்டில் எனக்கு ஒரு டெலிபோன் பூத் இருந்தது. ஒரு நாள் காலை இருமித் துப்பியபோது சளி கறுப்பாக வந்தது. தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுக் கடையைத் திறந்தேன். அப்போது எனக்கு முப்பத்து நான்கு வயது.

இருமல் நிற்கவில்லை. காசநோயோ என்று பயந்து சளியைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். இல்லை என்று வந்தது. பிறகு பெரம்பலூரில் ஒரு டாக்டரம்மா, முள் வைத்த குழாய் ஒன்றை ஊதச் சொன்னார். முள் பாதிகூட ஏறவில்லை.

"வீட்டுல யாராவது சிகரெட் பிடிக்கிறாங்களா?"

"இல்லைங்க. ஆனா பஸ்ஸெல்லாம் என் பூத்துக்குப் பின்பக்கத்தக் காட்டித்தான் நிக்கும்."

பேனாவைக் கீழே வைத்தார். ஆஸ்துமா (மூச்சுக்குழாய் சுருங்கும் நோய்) என்றார். இன்ஹேலர் (மருந்தை மூச்சோடு இழுக்கும் சிறு குழல்) எழுதித் தந்தார். "மருந்து பாதிதான்மா. புகையும் நிக்கணும்."

ஜெயங்கொண்டம் பஸ் டிரைவர் ராஜேந்திரன் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் வண்டி, புறப்படும்வரை இன்ஜினை அணைக்காமலேதான் நிற்கும்.

"ஆஃப் பண்ணா திரும்ப ஸ்டார்ட் ஆவாது தங்கச்சி. பேட்டரி வீக்கு. ஜனங்க எறங்கித் தள்ளணும்."

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனாலும் கோபத்தோடு திரும்பினேன்.

மார்கழியில் ஒரு காலை, பனியில் புகை மேலே ஏறாமல் கடைக்குள்ளேயே தங்கியது. இன்ஹேலரை இரண்டு முறை இழுத்தும் மூச்சு உள்ளே போகவில்லை. வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. பூத்தின் கண்ணாடியைத் தட்டினேன்.

பார்த்தவர் ராஜேந்திரன் அண்ணன்தான். என்னைத் தூக்கி முன்சீட்டில் உட்காரவைத்து, ஏறியிருந்த ஆட்களோடு பஸ்ஸை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. முன்பின் தெரியாத ஓர் அம்மா வழியெல்லாம் என் முதுகைத் தடவிக்கொண்டே வந்தார். அவர் பெயரைக் கேட்க எனக்கு மூச்சு இல்லை.

நான்காம் நாள் கடைக்கு வந்தேன். அண்ணன் வந்து நின்றார்.

"நாஸில் (இன்ஜினுக்குள் டீசலைத் தூவும் முனை) அடைச்சிருந்துச்சு. அதான் டீசல் சரியா எரியாம கரியாத் தள்ளிருக்கு. சர்வீஸ் பண்ணியாச்சு. பேட்டரியும் மாத்தினாத்தான் வண்டிய எடுப்பேன்னுட்டேன், ஓனர் மாத்திட்டாரு."

மற்ற டிரைவர்களிடமும் அவரே பேசினார். அன்று முதல் பஸ்கள் முகப்பை என் பக்கம் காட்டி நின்றன. நின்றதும் இன்ஜின் அணைந்தது.

இதே நோயோடு இருப்பவர்களே, மருந்தை விடாதீர்கள். புகை விடுகிறவரிடமும் போய்ச் சொல்லுங்கள். முதல் தடவை மறுத்தவர் என்றைக்கும் மறுப்பார் என்றில்லை.

சென்ற ஆண்டு ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் போனோம். வீட்டார் முன்னால் ஏறிவிட்டார்கள். நான் பாதியில் நின்றேன். நெஞ்சென்று ஒன்று இருப்பதே தெரியாமல் முன்பு ஓடித் திரிந்தவள் நான். இப்போது ஒவ்வொரு மூச்சும் எதுவரை போகிறது என்று தெரிகிறது. அது அடிவரை போய்த் திரும்பட்டும் என்று காத்திருந்து, அடுத்த படியில் கால் வைத்தேன்.