தலைப்பாகை ஓட்டிய பஸ்

போன வெள்ளிக்கிழமை, காவல் தெய்வம் கருப்பசாமியே ஓட்டிய பஸ்ஸில் எழுமலைக்குப் போய் வந்தேன்.

சிரிக்காதீர்கள். வழியெல்லாம் ஜனங்கள் அப்படித்தான் சொன்னார்கள். முன் சீட்டில் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்த எனக்கல்லவா தெரியும், ஓட்டியது யாரென்று!

ஓட்டியவர் வீரணன். அந்த பஸ்ஸின் கிளீனர். யுத்தம் வந்து பெட்ரோலுக்குப் பஞ்சமாகி, பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறதே... அந்தக் கரி அடுப்பின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றியே தோள் தேய்ந்த மனுஷன். ஆள் குள்ளம். சந்தைக் கூட்டத்தில் நின்றால் தேடித்தான் எடுக்க வேண்டும். ஆனால் கனவு? அது பஸ் கூரைக்கு மேலே!

“இன்னைக்கு அடுப்பு, நாளைக்கு ஸ்டீரிங்கு, அப்பறம் சொந்த பஸ்ஸு. மருதையில இருந்து மேலூரு, எழுமலை, எங்கிட்டுப் போனாலும் நம்ம சர்வீஸ்தாண்ணே!” என்பார்.

லைசென்ஸ் எடுத்து வருஷக்கணக்காகிறது. அது டிரங்குப் பெட்டியில் சுகமாகத் தூங்குகிறது. முதலாளி கேட்டுவிட்டுச் சிரிப்பார். எழுமலையில் இருக்கும் சம்சாரம் பேச்சியம்மாள் அதற்கு மேல். “மொதல்ல பரண்ல இருக்குற பானைய எட்டி எடுங்க. பெறகு பஸ்ஸு ஓட்டலாம்” என்று சொல்லிவிட்டாளாம். அன்று முதல் வீரணனுக்கு ஒரே வெறி — தான் பஸ் ஓட்டி வருவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும்.

போன வாரம் டிரைவர் பட்டாளத்து லாரி ஓட்டப் போய்விட்டார். முதலாளிக்கு வேறு கதியில்லை.

“ஒரே ஒரு டிரிப்பு தாரேன். எழுமலைக்கு வண்டி நெறைய ஆள் ஏத்திக்கிட்டுப் போ. வேலை ஒனக்குத்தேன். காலி வண்டியா போச்சுன்னா, மறுபடி அடுப்புதேன்.”

வீரணன் சாக்கை மடித்துப் போட்டு ஏறி உட்கார்ந்தார். சாக்கு இருந்தால் கால் பிரேக்கை எட்டவில்லை. சாக்கை எடுத்தால் தலை கண்ணாடியை எட்டவில்லை. எது முக்கியம்? பிரேக்தான் என்று நான் கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

ஸ்டீரிங்கின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

“ஏம்ப்பா, ரோடு தெரியுதா?”

“எனக்கு ரோடு நல்லாத் தெரியுதுண்ணே. ரோட்டுல நிக்கிறவுகளுக்குத்தேன் என்னையத் தெரியல.”

உண்மைதான். காளவாசலில் நல்ல கூட்டம் காத்திருந்தது. வண்டி பக்கத்தில் வந்ததும் ஒருவன் அலறினான். “ஏறாத மாப்ள! டிரைவரு இல்லாம வருது!” கூட்டம் நாலாபக்கமும் தெறித்து ஓடியது. கோழிக்கூடையோடு நின்ற அம்மாள்தான் எல்லாருக்கும் முன்னால். ஒரு ஈ காக்கைகூட ஏறவில்லை.

வீரணனின் முகம் சுண்டிப்போயிற்று. கொஞ்ச தூரம் போனதும் வண்டியை நிறுத்தி, பைக்குள்ளிருந்து ஒரு புதுச் சிவப்புத் துண்டை எடுத்தார். பேச்சியம்மாள் முன்னால் மிடுக்காக இறங்குவதற்கென்று வாங்கியதாம். அதைப் பெரிய தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டார்.

“இப்பத் தெரியும்ல?”

தெரிந்தது — தலைப்பாகை மட்டும்.

உசிலம்பட்டி தாண்டி, எதிரே வந்த ஒரு பெரியவர் பார்த்தார். வண்டியைச் சுற்றிக் கரும்புகை. கண்ணாடிக்குப் பின்னால், கோயிலில் கருப்பசாமி கட்டியிருக்கும் அதே மாதிரிச் சிவப்புத் தலைப்பாகை. அதற்குக் கீழே முகம்? இல்லை! “கருப்பா!” என்று நடு ரோட்டில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்துவிட்டார். நல்லவேளை, சாக்கை எடுத்திருந்தோம். பிரேக் எட்டியது.

“யோவ் பெருசு, எந்திரிச்சு வண்டியில ஏறுய்யா!” என்று கத்தினார் வீரணன்.

“சாமி பேசுது! என்னைய ஏறச் சொல்லுது!”

அவ்வளவுதான். சேதி சைக்கிளில் முன்னால் பறந்தது. கரி பஸ்ஸை முந்த சைக்கிள் போதாதா? நின்ற இடமெல்லாம் தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம். வேலை இருந்தவன், இல்லாதவன் எல்லாரும் ஏறினார்கள். பின்பக்கமாக ஏறியவர்களில் ஒருவருக்காவது முன்னால் எட்டிப் பார்க்கத் தைரியம் வரவேண்டுமே!

வீரணனுக்குப் பெருமை தாங்கவில்லை.

“டிரைவருன்னா சனங்க இம்புட்டு மரியாதை வச்சிருக்காகளாண்ணே!”

மரியாதை கருப்பசாமிக்கு என்று சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

எழுமலை வந்தபோது வண்டி பிதுங்கியது. வேலை நிச்சயம். இனி பேச்சியம்மாள் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவள் கூட்டத்துக்கு முன்னாலேயே நின்றாள் — சூடத்தட்டோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு.

“கருப்பா, எங்க வீட்டுக்காரருக்கு எப்பிடியாச்சும் டிரைவர் வேலை வாங்கிக் குடுத்துரு சாமி. நான் கேலி பேசுறது வாயிதேன். அந்த மனுசன் ஏங்கிக் கெடக்குறதப் பாக்க முடியல.”

வீரணனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், என்ன வெட்கம்? அவர் சடாரென்று சீட்டின் மேல் ஏறி நின்றார்.

“பேச்சி! கண்ணத் தொறந்து பாரு. நாந்தேன் ஓட்டியாந்தேன்!”

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்தாள். பார்த்தாள்.

“அடப்பாவி மனுசா! சாமி ஒக்கார்ற எடத்துல ஏறி நிக்கிறீகளே... எறங்குங்க மொதல்ல!”

வீரணன் இப்போது நிரந்தர டிரைவர். ஊர் நம்மைச் சாமி என்றுகூட ஒப்புக்கொள்ளும்; டிரைவர் என்று வீடு ஒப்புக்கொள்ளத்தான் நாளாகும்!